முன்னால் வந்தவன்

நெய்வேலி,
ஆகஸ்ட் 2014

அன்புள்ள பிரியாவுக்கு,

நீயும் நம் குட்டி யாழினியும் நன்றாக இருக்கிறீர்களா? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? நான் சௌக்கியம். போனில் பேசினால் என் குரலை வைத்தே ஏதாவது கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னை நெரிசல் போதும், சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று தேடியபோது நாம் நினைத்த மாதிரியேதான் இந்த ஊர் இருக்கிறது. அகலமான ரோடு, இருபுறமும் மரங்கள். பாடம் நடத்த சைக்கிளிலேயே பள்ளிக்குப் போகிறேன். வீடு திரும்பினால்தான் பேச ஆளில்லை.

நேற்று ஒரு கூத்து. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை அள்ளினேன்.

"யாருங்க அது, எங்க வூட்டுத் துணிய எடுத்துக்கினு போறது?"

குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்திருக்கிறேன்! அந்த வீட்டுப் பட்டம்மாள் சிரித்துவிட்டு டீ கொடுத்தார்.

"குடும்பம் எப்ப வருதுங்க?" என்றார்.

"அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டேன். நீ இங்கே வர இன்னும் சம்மதிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்சம் ரசப்பொடி அனுப்பு. ரசத்துக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்றும் எழுது. யாழினி வரைந்த படம் ஏதாவது இருந்தால் கூடவே வை. சுவரெல்லாம் வெறிச்சென்று இருக்கிறது.

பிரியா, ஒரு தடவை வந்து பார். பிடிக்காவிட்டால் வேறு ஊர் தேடலாம். ஆனால் அங்கே நான் மட்டும் முன்னால் போய்க் காத்திருக்க மாட்டேன். சேர்ந்தே போவோம்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

உன்
விஜயராஜ்