நம் இரண்டு வீட்டுச் சுவரில் ஒரு மீடியா வால்

சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்த என் மைமூனுக்கு,

கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். நான் வீட்டில் மீடியா வால் கட்டியிருக்கிறேன். ஆமாம், நானேதான். ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாதவள் என்று நீ மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாயே, அதே சரசுதான். கூடத்தில் டிவிக்குப் பின்னால் மரம் மாதிரி கோடு போட்ட பிளாஸ்டிக் பலகை, நடுவில் டிவி உட்கார ஒரு குழிவு, ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்குப் பட்டை எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கோணல். உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

எந்தச் சுவர் என்கிறாயா? நம் சுவர்தான். உன் டிவியும் என் டிவியும் முதுகோடு முதுகு ஒட்டி நின்ற சுவர். இந்த அடுக்குமாடியைக் கட்டினவன் எதில் மிச்சம் பிடித்தானோ தெரியாது, நீ அங்கே தும்மினால் நான் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே வீட்டில் உட்கார்ந்து நாடகம் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. எனக்குப் படுக்கையில் அம்மா. உனக்கு, பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டுப் பசியோடு வருகிற புருஷன். மஃரிப் தொழுது முடித்து எட்டு மணிக்கு நீ அங்கே உட்காருவாய், நான் இங்கே உட்காருவேன். நாடகத்து மாமியார்காரி ஏதாவது அநியாயம் பண்ணினால் சுவரில் ஒரு தட்டு தட்டுவாய். பதிலுக்கு நான் இரண்டு. விளம்பரம் வந்ததும் இரண்டு பேரும் காரிடாருக்கு ஓடி வந்து அவளை வறுத்தெடுப்போம்.

அம்மா போன பிறகு எனக்குத் தடை ஒன்றுமில்லை. ஆனாலும் நான் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், நீயும் என்னை வா என்று கூப்பிடவில்லை. தட்டிக்கொள்வதே போதும் என்றிருந்துவிட்டோம். ஏன் அப்படி இருந்தோம் மைமூன்? எத்தனை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. அன்றைக்கு உள்ளே பெண்கள் யாசின் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உன் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, “நீங்க யாரும்மா?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள். “பக்கத்து வீடு” என்றேன். வேறென்ன சொல்ல? வேலையிடத்தில் லீவு கேட்டபோது, சொந்தமா என்றார்கள். இல்லை என்றதும் சரி, நாளைக்கு வந்துவிடு என்றார்கள். உங்கள் வழக்கத்தில் படம் மாட்டி மாலை போடுவதில்லை. என் வீட்டில் மாட்டினால் வருகிறவர்கள் யார் இது என்று கேட்பார்கள். அழுவதற்குக்கூட ஏதாவது ஒரு முறை வேண்டியிருக்கிறது, பார்த்தாயா?

சில வாரம் கழித்து ஒரு நாள், சரியாக எட்டு மணிக்கு, உன் பக்கத்திலிருந்து நாடகப் பாட்டு கேட்டது. நீ வைக்கிற அதே சத்தத்தில். நான் பாய்ந்து எழுந்து சுவரைத் தட்டவே போய்விட்டேன். கையைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது.

உன் வீட்டுக்காரர், காதர் அண்ணன்தான் போட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அழுமூஞ்சிக் கதை, அழுமூஞ்சிக் கதை என்று உன்னை ஓட்டிக்கொண்டே இருந்த மனுஷன். நீ கண்ணை மூடியதும் காலை நீட்டிப் போட்டு அதையே பார்க்கிறாரா? அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி? மனசா அது, கருங்கல்லா என்று திட்டினேன். வாய்விட்டுத்தான் திட்டினேன், கேட்க யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள்கூட அது தவறவில்லை. தீபாவளிக்கும் வந்தது, நோன்பு மாதத்திலும் வந்தது. எட்டு மணி நெருங்கும்போதே நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவேன். கூடத்தில் விளக்குப் போடுவதையே விட்டுவிட்டேன். வாடகை கட்டுகிற என் வீட்டிலேயே எனக்கு உட்கார இடம் இல்லாமல் போய்விட்டது.

அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் இருக்கிற தொழிற்சாலையில், என் பக்கத்தில் வேலை செய்கிற பெண், தான் கட்டிய மீடியா வாலைக் கைப்பேசியில் காட்டினாள். ஏதோ ஹோட்டல் மாதிரி இருந்தது. நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன். “பின்னால ஸ்பான்ஞ்சு வெச்சுட்டோம்கா, பக்கத்து வீட்டுச் சத்தம் சுத்தமா கேக்காது” என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அழகுக்காக இல்லை மைமூன், சத்தியமாக இல்லை. அந்தச் சுவரை மூட வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் விலை கேட்டேன். “தம்பி, நான் வீடு வாங்க வரல்ல. ஒரு சுவருக்குத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் சம்பளத்தில் அதெல்லாம் ஆகிற காரியமா? முனை உடைந்த பலகைகளை இன்னொரு கடையில் பாதி விலைக்குத் தள்ளினார்கள். உடைந்த முனை தரைப் பக்கம் போனால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? பின்னால் அடிக்கிற சட்டத்துக்கு, தொழிற்சாலையில் சாமான் வருகிற மரப் பெட்டிகளைப் பிரித்த கட்டை. ஸ்பான்ஞ்சும் அங்கேயேதான், இயந்திரங்களைச் சுற்றி வைத்து அனுப்புகிற தடித்த வெள்ளைப் பலகைகள். குப்பைக்குப் போகிறதுதானே, எடுத்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தினமும் நாலைந்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வருவேன். “என்னாக்கா, படகு செய்யுறீங்களா? பஸ்ஸு வேணாமா இனிமே?” என்று டிரைவர் கேட்டான். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். கட்டைகளை அறுத்துக் குழிவை முதலில் செய்துவிட்டேன். டிவியைத் தூக்கி வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கை போகிற அளவுக்குச் சந்து. சரி, அதைப் பிறகு பார்ப்போம் என்று சட்டத்தைச் சுவரில் அடிக்கப் போனேன். சத்தம் மட்டும் தாராளமாகப் போகிற அந்தச் சுவரில் ஆணி இறங்கமாட்டேன் என்றது. ஒவ்வொன்றாக வளைந்து விழுந்தது. உட்கார்ந்து அழலாமா என்று நினைக்கிறபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கிரில் கதவுக்கு வெளியே காதர் அண்ணன். கையில் டிரில்.

“சரசு, சுவர என் பக்கமா தள்ளிவிட்றாதம்மா” என்றார்.

என்ன செய்வது, கதவைத் திறந்தேன். அவர் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். குழிவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டிவி எத்தன இஞ்சு?”

“நாப்பத்தி மூணுண்ணே. பெட்டியிலேயே போட்டிருந்திச்சு. அதே அளவுக்குத்தான் வெட்டுனேன்.”

“ஐயோ, அது மூலைக்கு மூல அளக்குறதுலா! குறுக்கால இல்ல!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டைக் காலரில் பித்தான் இல்லை. நீ பார்த்திருந்தால் அவரை வாசலைத் தாண்ட விட்டிருக்கமாட்டாய்.

டிரில் போட்டதும் சட்டம் மளமளவென்று ஏறியது. நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கட்டையை எடுக்கத் திரும்பியவர், நாற்காலிக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஸ்பான்ஞ்சைப் பார்த்துவிட்டார்.

“இது எதுக்கும்மா?”

“ஈரம் ஏறாம இருக்கண்ணே.”

“ஒம்பதாவது மாடியில எங்கேருந்து ஈரம் ஏறுது?”

அவர் டிரிலை நிறுத்திக் கீழே வைத்தார். “என் டிவி சத்தமா? சொல்லியிருக்கலாமே சரசு. கொறச்சிருப்பேன்லா.”

அந்த மனுஷன் அவ்வளவு தன்மையாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ஆமாண்ணே, சத்தம்தான்! நீங்கதானே அத அழுமூஞ்சிக் கதன்னு சொன்னீங்க? இப்ப என்னா வேண்டிக் கெடக்கு தெனமும்? அவ இல்ல, அவ சத்தம் மட்டும் வருது. இந்தப் பக்கம் ஒருத்தி இருக்காளே, அவளுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வளைந்து கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் எங்கம்மா பாக்குறேன்? போட்டுட்டு உள்ளாற போய் உக்காந்துக்குவேன். அவதான் சொன்னா, ஆஸ்பத்திரியில வெச்சு. ‘பக்கத்துல சரசு தனியா இருக்கா. எட்டு மணிக்கு நம்ம வீட்டுச் சத்தம் கேக்கலன்னா அதுக்குச் சோறு எறங்காது. நான் வர்ற வரைக்கும் போட்டு விடுங்க’ன்னு. மொதல்ல என்னால முடியல. டிவியக் கண்டாலே ஆகல. பெறகு சொன்னாளேன்னு போட ஆரம்பிச்சேன்.”

கையிலிருந்த ஆணிகளைத் தரையில் வைத்துவிட்டு, “எப்ப நிறுத்தணும்னு அவ சொல்லல்ல” என்றார்.

மைமூன், நான் அழுதேன். நீ போன அன்று செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று அடக்கியதெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. கதவு திறந்து கிடக்கிறது, காரிடாரில் ஆள் போகிறார்கள், ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் வேறு பக்கம் திரும்பி டிரில் வயரைச் சுருட்டினார், அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார்.

பிறகு அவர் சொன்னது அதைவிட மோசம். “மகன் இஸ்மாயில் பத்து காவானுக்கு, அவன் வீட்டுக்கே வந்துடுங்கங்கறான். மாசக் கடைசியில போறேம்மா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. திடீர்னு சத்தம் நின்னுட்டா நீ கலங்கிடுவியேன்னு ஒரே யோசன. அந்த ஸ்பான்ஞ்ச அடிச்சிடலாம். ஒரு வகைக்கு நல்லதுதான்.”

நான் அடிக்கவிடவில்லை. பலகைகளை மட்டும் வெறும் சட்டத்தின் மேல் ஏற்றினோம். விளக்குப் பட்டையை அவர்தான் ஒட்டினார். கோணல் அவருடையது, என்னைச் சொல்லாதே. அண்ணன் வீடு மாறும்போது உன் பீங்கான் தட்டுகளையும் கோப்பைகளையும் அந்த ஸ்பான்ஞ்சை இடையில் வைத்துத்தான் கட்டினேன். ஒன்றும் உடையாமல் பத்து காவான் போய்ச் சேர்ந்ததாம்.

மீதி இருந்த சாயங்காலங்களில் நான் சமையலறைக்குப் போகவில்லை. அங்கே அண்ணன் போடுவார், இங்கே நான் போடுவேன். மஞ்சள் வெளிச்சத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சோறு இறங்கியது. நம் மாமியார்காரி திருந்திவிட்டாள், நம்புவாயா? எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு நாள் காரிடாரில் அண்ணன் என்னை நிறுத்தி, “அந்த நீலப் பொடவைக்காரி யாரும்மா? எதுக்கு எப்பவும் கத்திக்கிட்டே இருக்கா?” என்றார். ஒரு வருஷம் அடுத்த அறையிலிருந்து காதில் வாங்கியிருக்கிறார், ஒரு மண்ணும் விளங்கவில்லை.

லாரி வந்த அன்று நான் லீவு போட்டேன். யாருக்கு என்று கேட்டபோது சொந்தம் என்றே சொன்னேன். “சின்னம்மா, லிஃப்ட்ட கொஞ்சம் புடிச்சிக்குங்க” என்று இஸ்மாயில் கத்திக்கொண்டே இருந்தான். எல்லாம் இறங்கிய பிறகு அண்ணன் வந்து கிரில் கதவுக்கு வெளியே நின்றார். “வர்றேம்மா” என்றார்.

அன்று எட்டு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்தேன். என் டிவியைப் போடவில்லை. விளக்குப் பட்டை மட்டும் எரிந்தது. அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு தண்ணீர்க் குழாய்ச் சத்தம்கூட இல்லை. திட்டித் தீர்த்த அந்த ஒரு வருஷமும் நீ எனக்குத் துணைக்கு இருந்திருக்கிறாய், நான்தான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நீ போன வாரம்தான் போனாய்.

தனிமையாக இருக்கிறது மைமூன். மூடி மறைக்க ஒன்றுமில்லை, மிகவும் தனிமையாக இருக்கிறது.

ஆனால் கேட்டுக்கொள். அடுப்பைப் பார்த்து இனி நான் சாப்பிடமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயிலை வரச் சொல்லி, காரில் ஏறிப் பத்து காவான் போய், அந்த நீலப் புடவைக்காரி யார் என்று அண்ணனுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். உன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது. இன்றைக்கோ நாளைக்கோ யாராவது குடிவருவார்கள். எட்டு மணிக்கு என் டிவியை நீ வைக்கிற சத்தத்திலேயே வைப்பேன், ஒரு நாளும் தவறமாட்டேன். வருகிறவள் தனியாள் என்றால், அவளுக்குச் சோறு இறங்கட்டும்.

இப்படிக்கு,
இஸ்மாயிலுக்குச் சின்னம்மா,
சரசு