மொட்டை மாடியில் திருஷ்டி பொம்மை

தை 5, திங்கள்

காலையிலிருந்து வெயில் இல்லை. கல்வராயன் மலைப் பக்கம் ஒரே மப்பு. மாடியில் நான்கு சோலார் பலகைகள், சும்மா.

என் வீட்டுக்காரர் வாய் மட்டும் ஓயவில்லை. ஈ.பி. கரண்டிலிருந்து பேட்டரி ஏறாதபடி மாற்றி வைத்திருக்கிறார். மாட்டிய மெக்கானிக் வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டான். "நம்ம வூட்டுக்கு சூரியனே லைன்மேன்டா!" என்று அவனிடம் பீற்றல். லைன்மேன் இன்று லீவு.

பக்கத்து மாடியில் ஓரகத்தி. துணி காயப்போடும் சாக்கில் இங்கேயே பார்வை. "இன்னாடி, இம்மாம் பெருசா கீது!" அவள் கண் பட்டால் பச்சை மரம் பட்டுப்போகும். அவள் வீட்டில் இருப்பது ஓட்டை இன்வெர்ட்டர், கட்டிலுக்கடியில் உறுமிக்கொண்டு. அதற்கே அத்தனை மிதப்பு.

செய்ய: மாவு அரைக்க. ஜாக்கெட்டுக்கு ஊக்கு. சின்னசேலத்தில் திருஷ்டி பொம்மை.

தை 6, செவ்வாய்

பொம்மை வாங்கியாச்சு. முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. கம்பில் கட்டி, பலகைச் சட்டத்திலேயே நிறுத்தினேன். ஓரகத்தி மாடியைப் பார்த்தபடி.

மகள் சுகந்தி, "ம்மா, இன்னா இது, அசிங்கமா?" டிகிரி படிப்பவளுக்கு எல்லாம் அசிங்கம்தான்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. வீட்டிலிருந்தே, லேப்டாப்பில். அரசாங்கம் கொடுத்த லேப்டாப். வயர் செருகினால்தான் உயிர். நடுவில் தொடர்பு அறுந்தால் பத்து நிமிஷத்துக்குள் மறுபடி உள்ளே போக வேண்டுமாம். இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு.

தை 7, புதன்

சுள்ளென்று வெயில். பேட்டரி பாதிகூட ஏறவில்லை. கண்! மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. அத்தனை பொறாமை.

தை 8, வியாழன்

நாளை கரண்ட் ஷட்டவுன், ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. தெருவே புலம்புகிறது. எனக்குச் சிரிப்பு. நமக்கென்ன?

அவர் நாளை கள்ளக்குறிச்சி, கலெக்டர் ஆபீஸ். இட ஒதுக்கீட்டுப் போராட்டம். வேனில் ஜன்னல் சீட்டுக்கு இப்போதே சண்டை.

"நம்ம பொண்ணுக்கு கவர்மெண்ட் வேல வேணும்னா நாமதான் கத்தணும்."

"அவளுக்குப் பரீட்ச எப்பன்னு தெரியுமா?"

"அடுத்த மாசந்தான?"

இவர் கத்தி, அரசாங்கம் கேட்டுவிடும்.

தை 9, வெள்ளி

பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு இன்வெர்ட்டர் கீ கீ. ஃபேன், விளக்கு எல்லாம் அணைத்தேன். பதினொன்றுக்கு லேப்டாப் அவுட்.

சுகந்தி என்னைப் பார்க்கக்கூட இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். ஓரகத்தி வீட்டுக்கு, அந்த ஓட்டை இன்வெர்ட்டரை நம்பி. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மெக்கானிக்குக்குப் போன். வந்தான், மாடி ஏறினான், அங்கேயே சிரிப்பு.

"இன்னாக்கா, பொம்ம நெழல் பலக மேலயே வுழுது! நாலும் ஒரே வரிசைல மாட்னது. ஒண்ணுல நெழல் வுழுந்தா மத்த மூணும் சேந்து படுத்துக்கும்."

எல்லாரையும் திட்டிப் பழகிய வாய். திட்ட ஆள் தேடினேன். ஈ.பி. ஏறாதபடி அவர் மாற்றி வைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். பொம்மையைக் கட்டியது நான். வெட்கமாக இருந்தது. நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை, அவன்தான் அவிழ்த்துக் கொடுத்தான்.

ஒரு மணிக்கு மேல் சுகந்தி வந்தாள். முழுசாக எழுதிவிட்டாளாம். பெரியம்மா டி.வி.யைக்கூட நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடவில்லையாம்.

"வேற இன்னா சொன்னாங்க?"

"ஒங்கம்மா பொம்ம யாருக்குடி வச்சான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஒங்களுக்குத்தான்னு சொன்னேன்."

பாவி. "அதுக்கு?"

"சிரிச்சாங்க. தோச ஊத்திக் குடுத்தாங்க."

எனக்கும் இரண்டு தோசை, பொடி தடவி, இலையில் கட்டி அனுப்பியிருக்கிறாள். இன்னும் பிரிக்கவில்லை.