கீழ் வீட்டுக்கு முதல் தண்ணீர்

அன்புள்ள மச்சானுக்கு,

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். "நல்ல தமிழ்ல எழுதட்டுமாப்பா?" என்று கேட்டாள். "உங்க மாமனுக்குப் புரியற மாதிரி எழுது சாமி" என்றேன். உன் திதிக்கு வருஷா வருஷம் பத்திரிகையில் போட்டோ மட்டும் போடுவோம். இந்த வருஷம் போட்டோவோடு கொஞ்சம் சேதியும் இருக்கிறது.

ஜெகதளா மலைச்சரிவு வீட்டை விற்றுவிட்டேன். லீவு நாளில் நீயும் நானும் கல் சுமந்து கட்டிய வீடுதான். வருத்தமா என்று கேட்டால், இல்லை. போன ஐப்பசி மழையில் உன் தங்கச்சிக்கு மூச்சு வாங்கியது. ரோட்டுக்கு ஏற எத்தனை படி என்று உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். "கல்யாணத்தன்னிக்குக் கூட இப்படி யாரும் தூக்கலைங்க" என்று மூச்சுத் திணறலிலும் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த மழைக்கு அவள் இந்தப் படியில் இருக்கக் கூடாது.

வெலிங்டன் போகிற வழியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்று அமைந்தது. வாசலில் ஒரே படி. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் பிள்ளையோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறவர். "ஆனி தாண்டுனா வேற ஆளுக்குக் குடுத்துருவனுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அடுத்தது ஆடி. ஆடியில் யார் குடி போவார்கள்? விற்கிறதும் வாங்குகிறதும் ஆனிக் கடைசி முகூர்த்தத்துக்குள் முடிய வேண்டும் என்றாகிவிட்டது.

நம் வீட்டை வாங்க வந்தவர்கள் பந்தலூர்ப் பக்கத்து டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும். நல்ல மாதிரி. வீட்டைப் பார்த்தார்கள், பிடித்தது. தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார்கள். அவன் நம் இடத்து மேல் மூலையில், ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்க பெரியவரே, இது யார் பண்ணுன வேலைங்க? கீழ் ஊட்டுக்குப் போற பைப்பு அடியில இருக்குது. உங்க பைப்பு ஒரு ஜாண் மேல இருக்குது. தண்ணி கொறைஞ்சா மொதல்ல உங்களுக்குத்தான் நிக்கும்!"

யார் பண்ணின வேலை என்று நான் என்ன சொல்ல? பட்டாளத்தில் ரிட்டயர் ஆகிறவரைக்கும் பைப் ஃபிட்டராக இருந்தவன் என் மச்சான் என்றா சொல்வது?

கீழ் வீட்டு மரகதம் புருஷனை இழந்து, தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டு, ஓடையிலிருந்து குடம் சுமந்த காலம் அது. "தொட்டியில மிச்சம் வழியற தண்ணிதான மாப்ள, ஒரு பைப்பு உட்டுட்டாப் போகுது" என்று நீதான் சொன்னாய். மிச்சத் தண்ணீர் என்றுதான் நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

கோடைக்குக் கோடை நம் குழாய் நிற்கும். நீ ஸ்பேனரை எடுத்து வந்து பைப்பை நாலு தட்டுத் தட்டுவாய். "கல்லு அடைச்சிருக்கும் மாப்ள" என்பாய். டீ குடிப்பாய், போய்விடுவாய். உன் தங்கச்சி குடத்தை எடுத்துக்கொண்டு மரகதம் வீட்டுக்குப் போவாள். பள்ளத்துக்குத் தண்ணீர் லேசாகப் போகிறது போல என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாளாவது அந்த மூடியைத் திறந்து பார்த்தேனா?

உன் தங்கச்சியைக் கேட்டேன். அவளுக்கு அப்போதே தெரியுமாம்.

"அண்ணன் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வெச்சாரு. மேல இருக்கறவனுக்குத் தண்ணி நின்னா அவனே போய்த் தொட்டியப் பாத்துக்குவான். கீழ இருக்கறவ யார் ஊட்டுத் தொட்டியப் பாப்பான்னு கேட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்க."

மாத்தியிருப்பேனா மச்சான்? தெரியவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் வரைவைப் படித்துக் காட்டினார். ஊற்று, தொட்டி, பைப்பு எல்லாம் வாங்குகிறவர்களுக்கு என்று இருந்தது. மரகதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழ் வீட்டுக்கு என்றைக்கும் தண்ணீர் விடணும் என்று எழுதுங்கள் என்றேன்.

"எழுதித்தான் ஆகணுமாங்க? தாகத்துக்குத் தண்ணி குடுக்காமயா இருந்துருவோம்?" என்றார் டீச்சரம்மாவின் வீட்டுக்காரர்.

"நீங்க குடுப்பீங்க. உங்களுக்கப்புறம் வர்றவங்க?"

"அப்ப இது பங்குத் தண்ணியா? மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்று எழுந்துவிட்டார். டீச்சரம்மா, யோசித்துச் சொல்கிறோம் என்று பையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கேட்டதிலும் தப்பில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்கண்ணன் குடுத்த தண்ணிக்கு நீங்க எதுக்குங்க சண்ட கட்டறீங்க? அடுத்த மழைக்கும் என்னய சேர்லதான் தூக்கோணும்" என்றாள்.

"உங்கண்ணன் குடுத்தாரு சரி. யார் ஊட்டுத் தண்ணியக் குடுத்தாரு?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம், "அவங்க வரலைன்னாப் போகட்டும் உடுங்க. படி ஏற முடியலைன்னா ஊட்டுக்குள்ளயே இருந்துக்கறேன்" என்றாள்.

பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாயிற்று. வெளியே இருந்த ஒரே சட்டியில் சோறும் குழம்பும் மாறி மாறிச் செய்தோம். வெலிங்டன் வழி வீட்டுக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். மழையும் ஆரம்பித்துவிட்டது. அவள் இருமுகிற ஒவ்வொரு தடவையும், தண்ணீர் விஷயத்தை எழுதாமலே கைரேகை வைத்திருக்கலாமோ என்று நினைத்தேன். அதையும் உன்னிடம் சொல்லத்தானே வேண்டும்.

முகூர்த்தம் நெருங்கி வரும்போது டீச்சரம்மா மட்டும் வந்தார். நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மரகதம் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். "எழுதிக்கலாங்க. ஆனா ரெண்டு பைப்பும் ஒரே மட்டத்துல இருக்கட்டும். எங்களுக்கு நின்னா அவங்களுக்கும் நிக்கட்டும்" என்றார். நியாயம்தானே? சரி என்றேன். நீ வைத்த ஒரு ஜாணை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் மச்சான்.

அப்படியே பைப்பை மாற்றி, இரண்டு பத்திரமும் பதிந்தாயிற்று. முகூர்த்தத்தன்று அவர்கள் விடியும் முன்னே பால் காய்ச்ச வேண்டும். அதற்குள் நாங்கள் வீட்டைக் காலி செய்யணும். எங்களுக்கு வீடு விற்றவர் எமகண்டம் கழிந்துதான் சாவி தருவேன் என்றார். அந்த வீடும் இல்லை, இந்த வீடும் இல்லை. எங்கே போய் உட்காருவது? மூட்டை முடிச்சோடு மரகதம் வீட்டில் உட்கார்ந்தோம். அவள் காபி போட்டாள்.

"இத்தன வருசத்துல ஒரு கோடைக்கும் இந்தக் குழாய் நின்னதில்லைங்ணா. உங்க மச்சான் கைராசிங்க" என்றாள்.

உன் தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்துக் குடித்தேன். மேலே புது ஆட்கள் பால் பொங்கியதென்று சத்தம் போட்டார்கள். கிளம்பும்போது மரகதம் குழாயைத் திறந்து ஒரு குடம் நிறையப் பிடித்துக் கொடுத்தாள். புது வீட்டில் அந்தத் தண்ணீர் ஒரு சொம்பு விட்டுத்தான் பால் காய்ச்சினோம். உன் தங்கச்சி அந்த ஒரே படியை ஏறிவிட்டு, மூச்சு வாங்குகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பைப்பின் மட்டம் மாறிய கதை மரகதத்துக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் வருகிற சித்திரையில் பஸ் ஏறி, அந்தப் படி இறங்கி, அவள் குழாயைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் வந்தால் காபி குடித்துவிட்டு வருவேன். வரவில்லையென்றால், இந்தத் தடவை உன்னைப் போலப் பைப்பைத் தட்டிவிட்டு வரமாட்டேன். மேலே போய் மூடியைத் திறக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
இத்தனை கோடை உன்னை நம்பிய
உன் தங்கச்சி வீட்டுக்காரன்