தொண்டு செய்ய வந்தவளைப் பயனாளியாக்கிப் படம் வைத்தது பற்றி

அனுப்புநர்
தையல்காரம்மா,
தையற்கடை,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்
அதிகாரி அவர்கள்,
தன்னார்வத் தொண்டுப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நிவாரணப் பணியில் மாற்றுத்திறனாளிகளையும் தொண்டர்களாகச் சேர்க்கவும், என் படத்தை அகற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் சக்கர நாற்காலியில் இருந்தபடி தையற்கடை நடத்துபவள். காலால் மிதிக்க வழியில்லாததால் மெஷின் மோட்டாரின் விசையை முழங்கையால் அழுத்தி ஓட்டுவேன். வெள்ளத்துக்குப் பிறகு, நன்கொடையாக வந்த துணிகளில் கிழிசல் அதிகம், தைக்கத் தெரிந்தவர்கள் உதவிக்கு வரலாம் என்று தங்கள் பிரிவு ஒலிபெருக்கியில் அறிவித்தது. கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

2. தொண்டர் பதிவு நிவாரண முகாமின் மாடியில் நடந்தது. தம்பி என்னை முதுகில் சுமந்து ஏறினான். மேசையில் இருந்தவர், நான் வாய் திறக்குமுன், "நீங்க ஏம்மா இவ்வளவு சிரமப்பட்டு ஏறி வந்தீங்க? உங்களுக்குக் குடுக்கவேண்டியதைக் கீழேயே குடுப்பாங்களே" என்றார். தைக்க வந்ததாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்; என் பெயரைப் பதியவில்லை. அவர் குரலில் இருந்தது இரக்கம்தான். அதனால் சண்டைகூடப் போட முடியவில்லை.

3. கீழே இறங்கியதும், அங்கே பொருள் வழங்கிக்கொண்டிருந்தவர்கள் என் மடியில் ஒரு கம்பளியை வைத்துப் படம் எடுத்தார்கள். திருப்பிக் கொடுத்தேன். நிறம் பிடிக்கவில்லை போலும் என்று வேறொன்று எடுத்துவந்தார்கள்.

4. அந்தப் படம் தங்கள் அலுவலக வாசலில், 'உதவி பெற்றோர்' என்ற தலைப்பின்கீழ் இன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் ரவிக்கை ஒரு நாள் தாமதமானால் வாடிக்கையாளர்கள் கடை வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். இப்போது, "மெதுவா தைச்சுக் குடும்மா, உடம்பைப் பாத்துக்க" என்கிறார்கள். அவசரத் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோகிறார்கள். தம்பி, "இனிமே எங்கயும் போக வேணாம்க்கா" என்றான். அன்று என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தான்.

5. தைக்க ஆளில்லை என்று அந்த நன்கொடைத் துணிகளை முகாமுக்குப் பின்னால் கொட்டியிருந்ததையும், அவை மழையில் நனைந்து மக்கியதையும் நேரில் கண்டேன். பட்டன் மட்டுமே அறுந்த குழந்தைச் சட்டையும் அதில் கிடந்தது. முகாமுக்குள் பிள்ளைகள் வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, என் படத்தை எடுத்துவிடவும், பதிவைத் தரைத்தளத்துக்கு மாற்றிச் சாய்வுதளம் அமைக்கவும், காது கேளாதோருக்காகச் சைகை மொழி தெரிந்த ஒருவரை அமர்த்தவும், எங்களைப் போன்றோர் வந்தால் என்ன வேலை தெரியும் என்று முதலில் கேட்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

இதே வேண்டுகோளுடன் சென்ற மாதம் அனுப்பிய மனுவுக்குப் பதிலாக, உதவித்தொகைக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று வந்தது. இந்த மனுவையாவது தாங்கள் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தையற்கடை
நாள்: டிசம்பர் 9

இப்படிக்கு,
வேலை தெரிந்த,
தையல்காரம்மா
(கையொப்பம்)