ஒரு மைக் போதும்

பல்லடம் ரோடு, திருப்பூர்
12.10.2008

என் சித்ராவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? கல்யாணமாகி சிங்கப்பூர் போய் ஒரு வருஷம் ஆகிறது. புதுப்பெண் மவுசு இன்னும் குறையவில்லை போலிருக்கிறது, பதில் போடக்கூட நேரமில்லை உனக்கு. ஈ-மெயிலில் எழுது என்கிறாய். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் எனக்கு உன்னைத் திட்டக்கூட வரவில்லை.

பனியன் கம்பெனியில் உன் மேஜைக்கு இன்னும் ஆள் போடவில்லை. டீ நேரத்தில் நம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவென்றே செக்கிங் பெண்கள் வருவார்களே, இப்போது யாரும் வருவதில்லை. நான் மட்டும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்ன பாட்காஸ்ட் யோசனையை நான் விடவில்லை. பொங்கலுக்கு நீ வந்ததும், டீ நேரத்தில் பேசுகிற மாதிரியே தோழிகள் இரண்டு பேரும் பேசிப் பதிந்து இன்டர்நெட்டில் போடலாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். எந்த மைக் வாங்கட்டும்? ஒன்றா, இரண்டா? விலை கம்மியாகப் பார்த்துச் சொல். என் சம்பளம் உனக்குத் தெரியாததா?

உன்
அன்பு

சிங்கப்பூர்
3.11.2008

அன்புள்ள அன்பு,

நலம். ஆபீஸ், வீடு என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கடையில் கண்டென்சர் மைக்கை நீட்டினால் வாங்காதே. சின்னச் சத்தத்தையும் அது பிடித்துவிடும். உன் வீட்டை ஒட்டி நிட்டிங் மெஷின் வேறு ஓடுகிறது. மேடையில் பேசுகிற டைனமிக் மைக் போதும். கம்ப்யூட்டரில் செருகத் தோதான ஒயரும் கேட்டு வாங்கு. வாய்க்கு நாலு விரல் தள்ளிவைத்துப் பேசு. அறை எதிரொலித்தால் கட்டிங் வேஸ்ட் துணியைப் போர்வைக்குள் அடைத்துச் சுவரில் தொங்கவிடு. பதியவும் வெட்டவும் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. பேச்சு நடுவே சத்தமில்லாத இடம் வந்தால் வெட்டிவிடு, இல்லாவிட்டால் கேட்பவர்கள் போய்விடுவார்கள்.

ஒரு மைக் போதும். இரண்டென்றால் மிக்ஸரும் வேண்டும், வீண் செலவு. நீ தனியாகவே நன்றாகப் பேசுவாய். பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்று தோன்றவில்லை.

சித்ரா

பல்லடம் ரோடு, திருப்பூர்
18.1.2009

அன்புள்ள சித்ரகலா,

பொங்கல் வாழ்த்துச் சொல்லலாம் என்று நேற்று கணியூரில் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "நேத்துத்தான் கண்ணு பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினாங்க, உன்னையப் பாக்கலீங்களா?" என்றார்கள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரில் இறங்கிப் பல்லடம் வழியாகத்தானே போயிருப்பாய். அழுகையாக வந்தது, அழுதேன்.

அப்புறம் மைக் செட் ஆறுச்சாமி அண்ணன் கடைக்குப் போனேன். பேசறது ஒருத்தருங்களா, ரெண்டு பேருங்களா என்று கேட்டார்.

"நான் மட்டுந்தானுங்க" என்றேன்.

இன்று ஞாயிறு, பக்கத்து மெஷின் ஓடவில்லை. பேசிப் பதிந்தேன். மைக் நீ சொன்னபடியே நன்றாக இருக்கிறது. போட்டுக் கேட்டால், ஒவ்வொன்றும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தியிருக்கிறேன். நீ பதில் சொல்லும் இடங்கள். பழக்கம் விடவில்லை.

சத்தமில்லாத இடங்களை வெட்டச் சொன்னாயே, ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒட்டின இடம்கூடத் தெரியவில்லை.

அன்புசெல்வி