ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள்

அக்கா,

இன்று காலை மருமகள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டை ஒன்று தெறித்து என் மடியில் விழுந்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். என்னவென்று இவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

வெண்ணந்தூரில் நீங்கள் எங்களுக்குப் பக்கத்து வீடு. காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது என் காது முக்கால்வாசி போயிருந்தது. எனக்கு வயது பத்தொன்பது. "செவிட்ட வெச்சு எப்புடிக் குடும்பம் பண்றது? அவ அப்பன் ஊட்டுக்கே கொண்டுபோயி உட்டுரு" என்று மாமியார் என் வீட்டுக்காரரிடம் சொன்னதை வாயசைவிலேயே தெரிந்துகொண்டேன். அந்த வாயை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள். "ஏனுங்க அத்தை, காது கேக்காம என்னென்ன கெட்டுப்போகுதுன்னு எட்டு நாளு எண்ணிப் பாத்துட்டு அனுப்புங்களே." இரண்டு கொட்டாங்கச்சி வைத்தீர்கள். முன்னால் நின்று பேசி எனக்குக் கேட்காவிட்டால் ஒன்றில், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்காவிட்டால் மற்றதில், பார்த்தவர் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு கொட்டையையும் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக் கொடுத்தீர்கள். எதற்கு என்றேன். "உன்ற மாமியார எனக்குத் தெரியுஞ் சாமி."

எட்டு நாளும் பால் பொங்கி வழியவில்லை. ராட்டையில் நூல் அறுந்தால் விரலே சொல்லிவிடும். ஆனாலும் எட்டாம் நாள் பார்த்தால், முன்பக்கத்துக் கொட்டாங்கச்சி தளும்பிக் கிடந்தது! துணிமூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

நீங்கள் நிதானமாகக் கொட்டிப் பொறுக்கினீர்கள். "இது நம்முளுது இல்லீங்க. இதுவும் இல்லீங்க. இதுல கொழம்பு வாசம் அடிக்குது."

"எலி கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார் மாமியார்.

"அந்த எலிக்குத் தேய்க்கத் தெரியலீங்களாட்ட இருக்குது!"

முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான்.

தேய்த்த கொட்டை முன்பக்கத்தில் இரண்டே இரண்டு. மீதியெல்லாம் பின்பக்கத்தில். அவரிடம் திரும்பினீர்கள். "பொறகால நின்னு கூப்புடறத உட்டுட்டா இவளுக்கு ஒரு கொறையுமில்லீங்க. சுத்தி வந்து பேசுனா காலு தேஞ்சா போயிரும்?"

அன்றிலிருந்து சாகும்வரை அவர் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. ஒரு பாக்குக் கேட்கக்கூடத் தறிக்குழியைவிட்டு எழுந்து, சுற்றி வந்து, என் முகத்துக்கு நேரே நிற்பார். மாமியார் முணுமுணுப்பார், அது எனக்குக் கேட்காது.

அவர் குரல் எப்படி இருந்ததென்று இப்போது நினைவில்லை, அக்கா. முகம் இருக்கிறது. மீசையில் ஒட்டியிருந்த பஞ்சுவரைக்கும் இருக்கிறது.