வைட்டமின் புட்டியில் இருந்த மாத்திரை

செனாய் தொழிற்சாலை விடுதி

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் மாமா வீட்டில் எல்லார் காதிலும் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று நீங்கள் சொன்னபடி, எச்ஐவி மாத்திரைகளை வைட்டமின் புட்டியில் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் அறைத்தோழி பிரவீனாவுக்குச் சளி. "உன் வைட்டமின் ஒன்னு எடுத்துக்கிறேன் லா" என்று வாய்க்குக் கொண்டுபோனாள். பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது, பிறந்ததிலிருந்தே எனக்கு இருக்கிறது என்பதையும். உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவள் மாத்திரையைப் புட்டியில் திரும்பப் போட்டாள். பிறகு, "அதான் என்கூட ஒரே தட்டுல சாப்பிடாம இருந்தியா? நான் உன்னைக் கஞ்சப் பிசினாறின்னுல்ல நெனச்சேன்" என்றாள். சாப்பாட்டால் ஒட்டாது என்று அவளே எனக்குச் சொல்கிறாள். இப்போது தினமும், "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள்.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் அக்கா, அதை அதன் சொந்தப் புட்டியிலேயே வைக்கச் சொன்னார். அம்மா, நீங்களும் உங்களுடையதை மிளகு டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஈரம் படும், மாமா பிள்ளைகள் கையிலும் கிடைக்கும். பூட்டுள்ள பெட்டி ஒன்று அனுப்புகிறேன். ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள். உங்களைக் கேட்க அங்கே யாரும் இல்லையே.

முறுக்கு அனுப்பினால் கூடுதலாக வையுங்கள். என் தட்டில் பாதி இப்போது பிரவீனாவுக்குப் போகிறது.

தொழிற்சாலை பஸ் வந்துவிட்டது.

உங்கள்
யோகமலர்